சித்திரைக்கு முன்பே சிசேரியன் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. முதல் பிரசவம், 35 வாரம் முடிந்திருக்கிறது. டாக்டர் சொன்ன தேதி ஏப்ரல் 28. தலைப்பிள்ளை சித்திரையில் பிறக்கக் கூடாது என்று மாமியார், ஜோசியரிடம் கேட்டுப் பங்குனியிலேயே ஏப்ரல் 8-ஆம் தேதிக்கு நாள் குறித்துவிட்டார். குழந்தை தலை கீழாக இருக்கிறது, எடை சரியாக இருக்கிறது. ஆனால் கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. எனக்கும் வலியை நினைத்தால் பயம். சிசேரியனே செய்துகொள்ளலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், ஏப்ரல் 8 வேண்டவே வேண்டாம். அன்றைக்கு உங்களுக்கு 37 வாரம் 1 நாள்தான் ஆகியிருக்கும்.

வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். பிரசவ வலி தொடங்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள்தான் அந்த நீரை உறிஞ்ச வைக்கின்றன. வலியே வராமல், 39 வாரத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் நீர் வற்றாமல் குழந்தைக்கு மூச்சு வாங்கலாம். தாய் ஒரு பக்கம், பிள்ளை என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) ஒரு பக்கம் என்று ஆவது பல நேரம் இப்படித்தான். முன்பே சிசேரியன் ஆகி, மறுபடியும் நாள் குறித்துச் செய்துகொண்ட 13,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2009-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. மூச்சுத் திணறல், ரத்தத்தில் சர்க்கரை குறைவது, தொற்று, என்.ஐ.சி.யூ. சேர்க்கை போன்ற தொல்லைகள் 37-வது வாரத்தில் எடுத்த குழந்தைகளில் 15 சதவீதத்துக்கும், 38-ல் 11 சதவீதத்துக்கும், 39-ல் 8 சதவீதத்துக்கும் வந்தன. இரண்டு வாரம் பொறுத்தாலே தொல்லை ஏறக்குறைய பாதியாகிறது. உங்களுக்கு 39 வாரம் முடிவது ஏப்ரல் 21. அதுவும் சித்திரைதான். வலி தானாக முன்பே வந்தால் அது வேறு விஷயம். நாமாக அவசரப்படுத்தக் கூடாது.

கொடி சுற்றியிருப்பது சிசேரியனுக்குக் காரணமே அல்ல. ஏறத்தாழ நாலில் ஒரு குழந்தைக்கு இப்படி இருக்கும். தலை வெளியே வந்ததும் டாக்டரோ நர்ஸோ விரலால் கொடியைத் தலைக்கு மேலாக எடுத்துவிடுவார்கள். ஒரு சுற்றுக்காக வீட்டில் யாரும் கலங்க வேண்டாம். வலியின்போது குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனித்தால் போதும்.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பது, குழந்தை குறுக்கே கிடப்பது, வலியின் நடுவில் இதயத்துடிப்பு இறங்கி ஏறாமல் இருப்பது, நல்ல வலி இருந்தும் தலை இறங்காமல் நிற்பது, தொப்புள்கொடி முன்னால் நழுவி வருவது: இவையெல்லாம் உண்மையான காரணங்கள். அப்போது யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள்; அந்த நேரத்தில் சிசேரியன் உயிர் காக்கும். காரணமில்லாமல் செய்துகொண்டால் கணக்கு வேறு. ரத்த இழப்பு சுகப்பிரசவத்தைவிட இரண்டு மடங்கு, தையலில் சீழ், காலில் ரத்தக்கட்டு, அடுத்த முறை பழைய தழும்பிலேயே நஞ்சு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து என்று பட்டியல் நீளும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சிசேரியன் சுமார் 45 சதவீதம். இத்தனை பேருக்கும் மருத்துவக் காரணம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

வலி பயம் நியாயமானது. முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடூரல் எங்கே கிடைக்கும், எத்தனை மணிக்கும் மயக்க டாக்டர் இருப்பாரா என்று இப்போதே விசாரியுங்கள். அதனால் சிசேரியன் வாய்ப்பு அதிகமாகாது; முக்க வேண்டிய நேரம் கொஞ்சம் நீளலாம். அது கிடைக்காத இடத்திலும் வழி உண்டு. படுத்தே கிடக்காமல் நடப்பது, வெந்நீர் ஊற்றிக்கொள்வது, வலி வரும்போது துணைக்கு இருப்பவர் இடுப்பின் பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பது ஆகியவை நன்றாகவே தாங்க வைக்கும். அரசு மருத்துவமனைகளிலும் பிரசவ அறையில் ஒரு பெண் துணையை அனுமதிக்கிறார்கள். உங்களைப் பயமுறுத்தாதவரைக் கூட்டிப் போங்கள்.

இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். 11-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடுங்கள். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல், இரண்டு மணி நேரம் தள்ளி. டாக்டரிடம் கேட்டுவிட்டு வாரத்தில் மூன்று நான்கு நாள், ஐந்து நிமிடம் பிறப்புறுப்பு மசாஜ் செய்யலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, சுத்தமான தேங்காய் எண்ணெய் தொட்டுக் கட்டைவிரலை 3 செ.மீ. அளவுக்கு உள்ளே விட்டு, ஆசனவாய்ப் பக்கமாக மெதுவாக அழுத்தி, இழுபடும் உணர்வு வந்ததும் அப்படியே ஒரு நிமிடம் பிடியுங்கள். முதல் பிரசவத்தில் கிழிவும் தையலும் குறையும். வெள்ளைப்படுதலில் அரிப்போ நாற்றமோ இருந்தால் செய்யாதீர்கள்.

வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். வயிற்றுப்போக்கும் நீரிழப்பும்தான் மிஞ்சும், அதுவும் இந்த வெயிலில். சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் குடிப்பதில் தவறில்லை. ஆனால் அதைக் குடித்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருக்காதீர்கள். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள்: உண்மையான வலியில் வயிறு நெற்றியைத் தொட்டதுபோல் கெட்டியாகி, பிறகு தளரும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம். கருப்பை வாய் 5 செ.மீ. திறக்கும்வரை முதல் பிரசவத்தில் நேரமெடுக்கும். முதல் சுருக்கிலேயே ஓடினால் லேபர் வார்டில் படுத்துக் களைத்துவிடுவீர்கள்.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: பனிக்குடம் உடைந்தால் (மணியையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்; பச்சையாக இருந்தால் அவசரம்), ரத்தம் போனால், கண் மங்கலோடு தலைவலி வந்தால், இடது பக்கமாகப் படுத்து இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு தெரியாவிட்டால். உங்கள் பக்கம் துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்கும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையோ தனியாரோ, எங்கே பதிந்திருந்தாலும் பகலில் ஒரு வழி, இரவில் ஒரு வழி என்று உங்கள் கணவர் ஒருமுறை போய்ப் பார்த்துவிடட்டும். 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். பிக்மி (கர்ப்பப் பதிவு) எண், ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பிரிவு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். அவரும் பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்கத்தானே நாள் பார்க்கிறார்! டாக்டர் முன்னால் உட்கார வைத்து, “37 வாரத்தில் எடுத்தால் குழந்தைக்கு மூச்சு எப்படி இருக்கும்?” என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் பிடிவாதமாகத் தெரிவது, டாக்டர் வாயிலிருந்து வந்தால் காதில் ஏறும்.