குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமா? சென்னையில் எங்கே போவது?

மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடித்தால், அதை ஈடுகட்ட மூளை வேகமாக ஓடப் பழகிவிடும். பிரேக்கைப் பிடித்தபடியே ஆக்ஸிலேட்டரை முறுக்கிய பைக் மாதிரி. திடீரென்று பிரேக்கை விட்டால்? கைநடுக்கம், வியர்வை, சிலருக்கு இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, இல்லாத பூச்சி ஊர்வதுபோலத் தெரிவது. உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் வார்டில் வைத்து மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். அப்புறம் கவுன்சலிங், குடும்பத்துக்கும் சேர்த்து. என்னைக் கேட்டால் அதுதான் பாதி வைத்தியம்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு. 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மையம் இந்திரா நகரில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-க்கு அழைத்து விசாரிக்கலாம்.

சாம்பாரில் தெரியாமல் மருந்து கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்பது தவறு; மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத டைசல்ஃபிராம் என்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.