லேப்டாப் மங்கலா, கண் மங்கலா?

கேள்வி: எனக்கு வயது 44. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். காலை 9 மணிக்குச் சாப்பாட்டு மேஜையில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தால் எழுந்திருக்க 6 மணி ஆகிவிடும். சில நாள் ராத்திரியும் வேலை உண்டு. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் பிரைட்னஸை முழுதாக வைத்தாலும் பகலில் எண்கள் மங்கலாகத் தெரிகின்றன. கல்லூரியில் படிக்கும் மகனின் லேப்டாப் பாதியில் வைத்தாலே பளிச்சென்று இருக்கிறது. மாலையானால் கண் எரிகிறது, தண்ணீர் வடிகிறது, நெற்றி கனக்கிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து போட்டால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது. பிரைட்னஸை அதிகமாக வைத்தால் கண் கெட்டுவிடுமா? நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா, இல்லை புது லேப்டாப்பே வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் அந்தச் சொட்டு மருந்து. அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. பாட்டிலை எடுத்து லேபிளில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். (படிக்க முடியாமல் மகனைக் கூப்பிட நேர்ந்தால் அதுவும் எனக்கு ஒரு தகவல்தான். பின்னால் வருகிறேன்.) டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், ஃப்ளுரோமெத்தலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. எரிச்சல் உடனே அடங்கும், அதனால்தான் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் சீக்கிரம் வரும். அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வை குறைந்த பிறகுதான் தெரியவரும். அப்படிப்பட்ட மருந்தாக இருந்தால் இனி நீங்களாகப் போட வேண்டாம். பாட்டிலோடு ஒரு கண் மருத்துவரிடம் போய் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, லேப்டாப்புக்கு வருவோம்.

திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். விலை குறைந்த லேப்டாப்களிலும் அலுவலகங்கள் மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் பலவற்றிலும் 220 அல்லது 250 நிட்ஸ்தான் இருக்கும். 300 நடுத்தரம். 400, 500 என்றால் நல்ல திரை. பிரைட்னஸில் காட்டும் 100 என்பது அந்தந்தத் திரையின் 100, எல்லா லேப்டாப்புக்கும் பொதுவானது அல்ல. மகனுடையது 400 நிட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாதியில் வைத்தாலே உங்களுடைய முழு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் இரண்டுக்கும் நிட்ஸ் கணக்கு கிடைக்கும். பழைய லேப்டாப் என்றால், பின்னாலிருந்து ஒளி தரும் எல்இடி வருடக்கணக்கில் எரிந்து கொஞ்சம் மங்கியும் இருக்கும்.

இரண்டையும் நேரில் ஒப்பிட வேண்டுமானால் ராத்திரியில், ஒரே மேஜையில், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் சார்ஜர் சொருகியிருக்க வேண்டும், திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ வசதி அணைந்திருக்க வேண்டும், திரையில் எழுதாத வெள்ளைப் பக்கம் திறந்திருக்க வேண்டும். போனில் படம் எடுத்து ஒப்பிட வேண்டாம். கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது நிட்ஸ் அல்ல, ‘ஜன்னலைப் பார்த்தபடி’ என்ற வார்த்தைதான்.

மேஜைமேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். அங்கே ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் அதன் பிரகாசம், லக்ஸை நான்கால் வகுத்தால் வருகிற அளவு நிட்ஸ் இருக்கும். தோராயக் கணக்குதான், நம் காரியத்துக்கு இது போதும். ஒரு டியூப்லைட் எரியும் அறையில் மேஜைமேல் 100 முதல் 150 லக்ஸ் இருந்தால் தாள் 25 முதல் 40 நிட்ஸ். பகலில் ஜன்னலோரம் 2000 லக்ஸ் இருந்தால் அதே தாள் 500 நிட்ஸ். உங்கள் 220 நிட்ஸ் திரை அங்கே தாளோடு போட்டி போட்டுத் தோற்கிறது. போதாததற்கு, திரைக்குப் பின்னால் தெரியும் வெயில் இன்னும் பல மடங்கு. கண் அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்வதால் திரை கறுத்துத் தெரிகிறது. பகலில் முழுதாக வைத்ததை ராத்திரி குறைக்க மறந்துவிட்டால் கதை தலைகீழ். தாள் 40 நிட்ஸ், திரை 220. அப்போது கண் கூசத்தான் செய்யும்.

ஆகவே, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் திரையை ஒட்டிப் பிடியுங்கள். திரை விளக்குப் போல ஒளிர்ந்தால் அதிகம். தாளுக்குப் பக்கத்தில் அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இடத்தில் பிரைட்னஸை நிறுத்துங்கள். காலையில் ஒரு தடவை, விளக்குப் போடும் நேரத்தில் ஒரு தடவை. என் மேஜையில் இதற்காகவே ஒரு மருந்துச்சீட்டு எழுதப்படாமல் கிடக்கிறது.

மேஜையைத் திருப்பிப் போடுங்கள். ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் வந்தால் அது அப்படியே திரையில் பிரதிபலிக்கும், அதுவும் ஆகாது. அப்புறம், சாப்பாட்டு மேஜை என்கிறீர்கள். லேப்டாப்பை அணைத்துவிட்டுக் கறுப்புத் திரையைச் சாய்வாகப் பாருங்கள், தூசியும் எண்ணெய்ப் படலமும் தெரியும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். திரைமேல் எதையும் நேராகத் தெளிக்காதீர்கள். மலிவான பழைய திரைகள் சிலவற்றைக் கொஞ்சம் கீழிருந்து பார்த்தாலே இருட்டாகிவிடும். மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள், எண்கள் சட்டென்று தெளியும் ஓர் இடம் இருக்கும்.

செட்டிங்ஸிலும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பேட்டரியைச் சேமிக்கும் வசதி, திரையில் இருப்பதற்கேற்ப வெளிச்சத்தைத் தானே மாற்றும் வசதி, இந்த இரண்டும் நம்மைக் கேட்காமலேயே திரையை மங்க வைக்கும். என் கிளினிக் லேப்டாப்பை ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் சார்ஜர் பிளக் சரியாகச் சொருகாமல், அது பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எக்ஸெல் எண்கள் சின்னதாக இருந்தால் டிஸ்பிளே அளவை 125 சதவீதம் ஆக்குங்கள். எழுத்து பெரிதானால் பிரைட்னஸைக் கூட்டத் தோன்றாது.

இப்போது கண். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15, 20 தடவை இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிகிறது. எரிவதால் கண்ணீர் சுரந்து வடிகிறது. தண்ணீர் வடிகிற கண்ணைப் போய் ‘உலர்ந்த கண்’ என்கிறாரே என்று நோயாளிகள் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள், ஆனால் விஷயம் அதுதான். ஃபேன் காற்று முகத்தில் நேராக அடித்தால் இன்னும் மோசம். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி 20 விநாடி பாருங்கள், கூடவே நாலைந்து முறை முழுதாகக் கண்ணை மூடித் திறங்கள். கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5% செயற்கைக் கண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

44 வயது, நெற்றி கனம், மங்கும் எண்கள். எனக்கு முதல் சந்தேகம் வெள்ளெழுத்து, அதாவது வயது ஏற ஏறக் கிட்டத்தில் இருப்பது மங்குவது. கண்ணாடி போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தாலும் அது புத்தகத் தூரத்துக்கு, சுமார் 40 செ.மீ.க்குப் பார்த்ததாக இருக்கும். லேப்டாப் 55, 60 செ.மீ.யில் இருக்கும். கண் பரிசோதனைக்குப் போகுமுன் மகனிடம் டேப்பைக் கொடுத்து, வழக்கம்போல் உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரைவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இதைச் சொல்லாமல் கண்ணாடி வாங்கிவிட்டு, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கழுத்து வலியோடு திரும்பி வருகிறவர்கள் நிறைய பேர். சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்னைவிட அதிக வெளிச்சம் தேவைப்படுவது கண்புரையின் ஆரம்பமாகவும் இருக்கலாம்.

பிரைட்னஸ் அதிகம் வைத்ததால் கண் கெட்டுப்போகாது, களைத்துத்தான் போகும். வாசலில் நின்று பார்க்கும் பகல் வானம் உங்கள் திரையைவிடப் பல மடங்கு பிரகாசம். நீல ஒளிக் கண்ணாடி வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், கணினியால் வரும் கண் களைப்புக்கு அந்தக் கண்ணாடியால் பலன் தெரியவில்லை என்றே இருக்கிறது.

புது லேப்டாப்பை இப்போதே வாங்காதீர்கள். மேஜையைத் திருப்பி, கண்ணாடி மாற்றி, இரண்டு வாரம் பாருங்கள். பிறகு ஒரு நாள் மகனின் லேப்டாப்பில் முழு நாளும் வேலை செய்யுங்கள். மாலையில் கண் நிம்மதியாக இருந்தால் 300 நிட்ஸுக்குக் குறையாத, கண்ணாடி போல் பளபளக்காத திரையாகப் பார்த்து வாங்கலாம், அல்லது அலுவலகத்தில் ஒரு மானிட்டர் கேட்கலாம். லேப்டாப் மாறியும் எரிச்சல் மாறவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.

இடையில் கண் சிவந்து வலித்தாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, மின்னல் வெட்டுவதுபோல் இருந்தாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.