பதின்மூன்று வெற்றி, ஐந்தாம் இடம்

கேள்வி: பனிச்சறுக்கில் 86 உலகக் கோப்பைப் பந்தயங்களை வென்றவர் என்று ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க்கைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஒரு பருவத்தின் எல்லாப் பிரிவுப் புள்ளிகளையும் கூட்டித் தரும் ஒட்டுமொத்தக் கோப்பையை அவர் மூன்று முறைதான் பெற்றார். 1984 ஒலிம்பிக்கில் அவர் பெயரையே காணோம். அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் அந்த எண்ணிக்கையையும் தாண்டிவிட்டார். ஸ்டென்மார்க்கை ஊதிப் பெரிதாக்கிவிட்டார்களோ? – சேலத்து வாசகர் ஒருவர்

பதில்: ஷிஃப்ரின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 2023 மார்ச்சில், ஸ்டென்மார்க்கின் நாட்டிலேயே, ஓரே (Åre) என்ற ஊரில் அவர் 87ஆவது வெற்றியைப் பெற்றார். அவர் தம்மைவிடச் சிறந்தவர் என்று ஸ்டென்மார்க்கே சொல்லிவிட்டார். அதில் எனக்கும் வழக்கில்லை.

மூன்று கோப்பை ஏன் என்பதற்குத்தான் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். 1976, 1977, 1978 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவரே வென்றார். அடுத்த பருவத்தில், ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரது சிறந்த மூன்று முடிவுகளுக்கு மட்டுமே புள்ளி என்று விதி வந்தது. அவர் போட்டியிட்டதோ, நட்ட கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம், கம்புகள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும் ஜயண்ட் ஸ்லாலம் ஆகிய இரண்டில் மட்டும். செங்குத்துச் சரிவில் ஒரே பாய்ச்சலாக இறங்கும் டவுன்ஹில் பக்கம் அவர் போவதில்லை. ஒரு வெற்றிக்கு 25 புள்ளி வீதம், இரண்டு பிரிவுக்கும் சேர்த்து 150க்கு மேல் அவரால் எடுக்கவே முடியாது. அந்தப் பருவத்தில் நடந்த பத்து ஜயண்ட் ஸ்லாலத்தையும் அவரே வென்றார். மூன்று ஸ்லாலத்தையும் வென்றார். பத்தில் ஏழு வெற்றிக்குச் சல்லிப் புள்ளி கிடைக்கவில்லை. பதின்மூன்று முறை முதலிடம் பிடித்தவர் 150 புள்ளியோடு ஐந்தாம் இடத்தில் நிற்க, கோப்பை சுவிட்சர்லாந்தின் பீட்டர் லூஷருக்குப் போயிற்று. எல்லாப் பிரிவிலும் இறங்குபவனே முழு வீரன் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அந்த ஞானம் ஒருவர் மூன்று முறை தொடர்ந்து வென்ற பிறகுதானா பிறக்க வேண்டும்?

டவுன்ஹிலுக்கு அவர் பயந்தார் என்று சொல்லவும் வழியில்லை. 1979இல் இத்தாலியில் டவுன்ஹில் பயிற்சியின்போது விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். சில மாதங்களில், 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில், ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் இரண்டிலும் முதல் ஓட்டத்தில் பின்தங்கியிருந்து, இரண்டாவது ஓட்டத்தில் எல்லாரையும் முந்தி, இரண்டு தங்கங்களையும் எடுத்தார். 1981இல் புள்ளிக்காகவே ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயல் டவுன்ஹிலில் இறங்கி, வென்றவரைவிடப் பத்து நொடிக்கும் மேல் தாமதமாக வந்து சேர்ந்தார். நொடியின் நூறில் ஒரு பங்கில் பதக்கம் கைமாறும் விளையாட்டில் அது எவ்வளவு பெரிய அவமானம் என்பது தெரிந்தேதான் இறங்கினார். அந்த ஆண்டுக் கோப்பை ஆறே புள்ளியில் அமெரிக்காவின் ஃபில் மாரிடம் போனது.

இனி 1984. விளம்பரப் பணத்தை நேரடியாகப் பெற அனுமதிக்கும் உரிமம் வைத்திருந்ததால், அவர் பணத்துக்காக ஆடாத அமெச்சூர் அல்ல என்று, அந்த ஒலிம்பிக் நடந்த சாராயெவோவில் கதவை அடைத்தார்கள். லேக் பிளாசிட்டில் தங்கம் வென்ற லீக்டன்ஸ்டைன் வீராங்கனை ஹான்னி வென்சலுக்கும் அதே கதி. பணம் வாங்காத முன்னணி வீரர் யார் இருந்தார்? மற்றவர்களுடைய பணம் பனிச்சறுக்குச் சங்கத்தின் கணக்கு வழியாகச் சுற்றி வந்தது, அவ்வளவுதான். அவர் பெயரைக் காணோம் என்கிறீர்கள். அதை அடித்து நீக்கியது யார் என்றும் கேட்டிருக்கலாம். அவர் இல்லாத அந்த ஸ்லாலத்தில் தங்கம் பெற்றவர், நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரிடம் தோற்று வெள்ளி வாங்கிய அதே ஃபில் மார்.