விடுப்பில் ஊருக்குப் போனால் முதலில் யார் வீட்டுக்குப் போவது?

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் விடுப்பில் ஊருக்கு வரும்போது, குறைந்த நாளில் உறவினர்களையும் நண்பர்களையும் எப்படிப் பார்த்து முடிக்கிறீர்கள்?

பார்த்து முடிப்பதில்லை. முதலில் துக்க வீடுகளுக்குப் போகிறேன். மற்றவர்களை நாள் மிஞ்சினால் பார்க்கிறேன்.

நான் சார்ஜாவில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அறந்தாங்கிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். அமீரகச் சட்டப்படி ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. திருச்சிக்கு நேர் விமானம் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம்தான். ஆனால் கையில் காசு சேர்ந்து, வேலையிடத்தில் ஆள் மாற்றிவிட்டு நான் கிளம்ப இரண்டு ஆண்டு ஆகிவிடுகிறது.

முதல் சில விடுப்புகளில் ஒரே நாளில் எட்டு வீடு போவேன். போன வீட்டிலெல்லாம் ஒரு டீ, ஒரு கோடாலித் தைலம், ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம், பத்து நிமிடப் பேச்சு. திரும்பி வந்த பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்தால் ஒன்றும் நினைவில் இருக்காது.

2020 ஜூனில் பெரியம்மா இறந்தார். அப்போது கொரோனாவால் வழக்கமான விமானங்கள் இல்லை. அடுத்த ஆண்டும், போனால் திரும்பி வர முடியுமோ என்ற பயத்தில் போகவில்லை. 2022 மார்ச் 27-ஆம் தேதி பன்னாட்டு விமானங்கள் பழையபடி ஓடத் தொடங்கியதும் ஏப்ரலில் போனேன். பெரியப்பா வீட்டுக்குப் போக எனக்குக் கால் கூசியது. இரண்டு ஆண்டு கழித்துப் போய்த் துக்கம் கேட்பதா, ஆறிய புண்ணைக் கிளறுவதா என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ இன்னும் கேட்கவில்லை, அவர் இன்னும் உன்னிடம் சொல்லவில்லை. போ" என்றார் அம்மா.

பெரியப்பா திண்ணையில் இருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். அன்று காலையில் பெரியம்மா கஞ்சி வேண்டாம் என்றது, ஆட்டோ வர நேரமானது, வழியில் தண்ணீர் கேட்டது, பாட்டில் மூடி திறக்காமல் இவர் பல்லால் கடித்துத் திறந்தது. அந்த மூடியைச் சொல்லும்போது விரல்களால் திருகிக் காட்டினார். இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளேயிருந்து அண்ணி, "இதையெல்லாம் மாமா பேசி ஒரு வருடம் ஆகிறது, தம்பி" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். மறுபடி சொன்னால், "போனதையே நினைக்காதீர்கள்" என்று ஆறுதல் சொல்லி நிறுத்திவிடுவார்கள். முதல் தடவையாகக் கேட்க வந்த ஆள் நான் ஒருவன்தான். அன்று மதியம் அங்கேதான் கை நனைத்தேன்.

அதன் பிறகு, விமானத்துக்கு முன்பே அம்மாவிடம் கேட்டுப் பெயர்களை எழுதிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கப் போவதில்லை, அதைக் கணக்கில் வையுங்கள். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கொண்டுபோக வேண்டாம். ஒரு காலையில் ஒரு வீடுதான். கிளம்பும்போது "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் எழுந்து வர வேண்டும். வெளியூரில் இருந்து இருந்து எனக்கு அந்த வழக்கமே மறந்திருந்தது, பெரியப்பா வீட்டில் வாய்வரை வந்து நிறுத்தினேன்.

துக்கம் என்றால் சாவு மட்டும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, பேராவூரணிப் பக்கம் என் நண்பனின் தென்னந்தோப்பு ஒரே இரவில் படுத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஊர் போனபோது, பேசித் தேற்றலாம் என்று போனேன். அவன் தேறுதல் கேட்கவில்லை. தோப்பில் வரிசை வரிசையாக நடத்திக் கூட்டிப்போய், இது அப்பா வைத்தது, இது தங்கை கல்யாணத்துக்குக் காய் கொடுத்தது என்று ஒவ்வொரு அடிமரமாகக் காட்டினான். நான் கூடவே நடந்தேன். இன்றுவரை அவன் எனக்கு மாதம் ஒருமுறை போன் செய்கிறான். அவன் பிறகு நட்ட நெட்டைப் பிள்ளைகள் பாளை விட்டபோது முதலில் படம் அனுப்பியது எனக்குத்தான்.

கல்யாண வீடுகள், புதுமனை வீடுகள் வருத்தப்படாதா என்றால், கொஞ்சம் வருத்தப்படும். ஆனால் மகிழ்ச்சியாக இருப்பவர்கள் நாம் ஊருக்கு வந்திருப்பது தெரிந்து அவர்களே ஆல்பத்தோடு வீடு தேடி வந்துவிடுகிறார்கள்.

முதல் இரண்டு நாளை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அது வீட்டில் இருப்பவர்களுக்கு.

அடுத்த மாதம் போகிறேன். அம்மா நான்கு பெயர் சொல்லியிருக்கிறார். ஒருவர் எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த ஆசிரியரின் மனைவி. சார் போய் ஏழு மாதம் ஆகிறதாம். புதன்கிழமை காலை அங்கே.