மருத்துவர் பதில்: பித்தப்பை இல்லாமல் அம்மா எத்தனை நாள் இருப்பார்?

ஆயுசு முழுக்க இருப்பார், சகோதரி. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டருக்கு மேல். பித்தப்பை அதில் 50 மில்லி வாக்கில் சேர்த்து வைத்திருந்த பை, அவ்வளவுதான். இனி பித்தம் நேராகக் குடலுக்கு வடியும்.

ஈப்போவில் பித்தப்பையை எடுக்கும் துளை அறுவை (சிறு துளைகள் வழியாகச் செய்வது) முடிந்து, சுங்கை சிப்புட் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே தோள்பட்டை வலியைப் பார்த்து மாரடைப்பு என்று பயந்திருக்கிறீர்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சை அழுத்தும் வலியோ இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் சொல்கிறேன்: அறுவையின்போது வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவின் வேலை அது. வீட்டுக்குள்ளேயே மெல்ல நடக்க விடுங்கள், சில நாளில் போய்விடும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளட்டும். பேதி பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். சோறு, இட்லி, மீன் சாறு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எண்ணெயில் ஊறிய ரொட்டி சானாய் (பரோட்டா) காத்திருக்கட்டும். காயத்தில் மஞ்சள் பூசாதீர்கள்.

பித்தக்கல்லைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை வைத்தியம்? பையையே எடுத்தாயிற்று, இன்னும் எந்தக் கல்லைக் கரைக்கப் போகிறீர்கள்? அதைக் குடித்தவர்களுக்கு மறுநாள் பச்சையாக வெளியே வருவது கல்லும் அல்ல. எண்ணெயும் சாறும் குடலில் சேர்ந்து திரண்ட சோப்புக் கட்டி.

நீங்கள் தூங்காமல் விழித்திருந்து பார்க்க வேண்டியதில்லை. காலையில் வாசல் வெளிச்சத்தில் அம்மாவை உட்கார வைத்து, கீழ் இமையை இழுத்து வெள்ளை விழியைப் பாருங்கள். குழல் விளக்கில் மஞ்சள் சரியாகத் தெரியாது. சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போகிறதா, மலம் வெளுத்திருக்கிறதா என்று கேளுங்கள். அம்மா கூச்சப்பட்டு மறைப்பார், விடாதீர்கள். பையை எடுத்த பிறகும் பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கலாம்; குழாயில் கசிவும் இருக்கலாம். கண் மஞ்சளானாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, குறைய வேண்டிய வயிற்றுவலி ஏறினாலோ, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைக்கப் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்துவிடுவார். அடைத்த குழாயை எந்தப் பச்சிலையும் திறக்காது; அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிடும். பனடோலால் காய்ச்சலை இறக்கிவிட்டு, திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பதும் அதே தப்புதான். வண்டி இல்லையென்றால் 999, மலேசியாவின் அவசர எண், அதில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் கடிதத்தையும் மாத்திரைகளையும் ஒரே பையில் இப்போதே போட்டு வையுங்கள்.