‘கேக்கல சார்’: இங்கிலீஷில் எது சரி?

கேள்வி: கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் வேலை. போனில் லைன் சரியில்லை. வடநாட்டு விருந்தினரிடம் ‘ஐ ஆம் நாட் லிசனிங், சார்’ என்றேன். கோபமாக வைத்துவிட்டார். ஹியர்-லிசன், சீ-செக், சே-டெல் எல்லாம் குழப்புகிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேரட்டுமா?
– வாசகி, தக்கலை

பதில்: அவர் கோபம் நியாயம்தான். ‘நீ என்ன சொன்னாலும் நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்’ என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். சத்தம் காதில் விழுவது ஹியர். கவனம் வைத்துக் கேட்பது லிசன். தமிழில் இரண்டுக்கும் ‘கேள்’ ஒன்றுதான், அதனால்தான் இந்தச் சிக்கல். லைன் மோசமென்றால் ‘சாரி சார், ஐ கான்ட் ஹியர் யு’. அவர் புகார் சொல்லும்போது ‘எஸ் சார், ஐ ஆம் லிசனிங்’. ‘கேளுங்க சார்’ என்று நினைத்து ‘லிசன் சார்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அங்கே அது அதட்டல்.

ஒரு விதிவிலக்கு: ‘ஹியர் ஃப்ரம்’. அட்வான்ஸ் அனுப்பாதவருக்கு ‘வி ஹேவ் நாட் ஹேர்ட் ஃப்ரம் யு’ என்று எழுதினால், ‘உங்களிடமிருந்து தகவல் இல்லை’ என்று பொருள். காதுக்கு இதில் வேலையே இல்லை. வாட்ஸப்பில் பதில் வராவிட்டாலும் இதே வாக்கியம்தான். ஆனால் ‘ஃப்ரம்’ விட்டுப்போனால், நீங்கள் பேசியது காதில் விழவில்லை என்றாகிவிடும். அனுப்பும் முன் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘பார்க்கிறேன்’ என்பதற்கு ‘ஐ வில் சீ’ வேண்டாம். தட்டிக்கழிப்பது போலிருக்கும், தமிழிலும் அப்படித்தானே! ‘லெட் மி செக்’ என்று சொல்லி ரிஜிஸ்டரைப் புரட்டுங்கள். கன்ஃபர்ம் என்பது வாக்குக் கொடுப்பது. சூரிய உதயம் தெரியும் ரூம் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை அது வாயில் வரக்கூடாது.

கடல் நீர்மட்டம் தாழ்ந்தோ சீறியோ விவேகானந்தர் பாறைக்குப் படகு நின்றால், ‘கேன்சல்டு’ என்று சொல்லாதீர்கள். அன்றைக்குப் படகே கிடையாது என்று பெட்டியைக் கட்டிவிடுவார்கள். ‘ஸ்டாப்டு ஃபார் நவ்’ போதும்.

டெல் என்றால் அடுத்த சொல்லே ஆள்: ‘டெல் மி’. நடுவே ‘டு’ கிடையாது, அது சே-க்குத்தான். பரீட்சையில் ‘செட் டு’வை ‘டோல்ட்’ ஆக்கி முழு மார்க் வாங்கியவர்களே ‘டெல் டு மி’ என்கிறார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு போன் பேச்சுகூடப் பழக்காத படிப்பு! ‘ஐ டோல்ட் யு’வும் வேண்டாம், ‘அப்பவே சொன்னேன்ல’ என்று குத்தும்.

கிளாஸ் விஷயம். ‘முப்பது நாளில் சரளம், கால் சென்டர் வேலை உறுதி, டெபாசிட் மட்டும் கட்டுங்க’ என்று வரும் ஏஜெண்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். வேலை தருபவர் சம்பளம் கொடுப்பார், பணம் கேட்கமாட்டார். ‘கைண்ட்லி இன்டிமேட்’ போன்ற கனத்த சொற்களை மனப்பாடம் செய்ய வைக்கும் இடமும் வேண்டாம். உங்கள் விருந்தினர்களில் பலருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்காரக் கேளுங்கள். மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிப் பழகினால் சேருங்கள். வாத்தியார் மட்டுமே பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.