200 கிலோமீட்டர் ஓடும் பழைய லீஃப்: வாங்கலாமா, வேண்டாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியும். மலேசியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர் நீங்கள். வேலை சைபர்ஜெயாவில், வாடகைக்கு வீடு பார்ப்பது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். ஊருக்கே திரும்பிப் போகும் அலுவலக நண்பர் தன்னுடைய 2019 நிசான் லீஃப் மின்சாரக் காரை உங்களிடம் தள்ளிவிடப் பார்க்கிறார். முழுச் சார்ஜில் 200 கிலோமீட்டர்தான் ஓடும் என்று அவரே சொல்லிவிட்டார். தினசரிப் போக்குவரத்துக்கு அது போதுமா, பட்டர்வொர்த்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்வர முடியுமா என்று கேட்கிறீர்கள்.

தினசரிக்குத் தாராளம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சைபர்ஜெயாவுக்குப் போகவர எந்த வழியில் போனாலும் 80 கிலோமீட்டரைத் தாண்டாது. நடுவில் கடை, கோயில் என்று சுற்றினாலும் இரவு வீடு திரும்பும்போது பாதி பேட்டரி மிச்சமிருக்கும். இங்கே வண்டியோட்டிகளின் உயிரை வாங்குவது தூரம் இல்லை, ஜாம். மாலை வேலை விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் சாலைக்கு வருவார்கள், அதில் மழையும் பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். பெட்ரோல் கார் நின்ற இடத்திலேயே எண்ணெய் குடிக்கும். மின்சாரக் கார் நிற்கும்போது ஏசி மட்டும்தான் இழுக்கும், அதுவும் மணிக்கு ஒரு யூனிட் அளவு. லீஃபின் பேட்டரி 40 யூனிட். ஜாமில் சார்ஜ் தீர்ந்து நடுரோட்டில் நின்றுவிடுவோமோ என்று உங்கள் வீட்டில் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள், அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலைக் கதை வேறு. மணிக்கு 110 கிலோமீட்டரில் ஏசியோடு போனால் காற்றைத் தள்ளுவதற்கே மின்சாரம் கரையும், 200 என்பது 160-க்கு இறங்கிவிடும். விளம்பரத்தில் போடும் கிலோமீட்டரை எப்போதுமே கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். நான் ஓட்டும் பிஒய்டி டால்ஃபின், சின்ன பேட்டரி வண்டி. என்இடிசி முறையில் அளந்தால் 410, டபிள்யூஎல்டிபி முறையில் அளந்தால் 340. இரண்டுக்கும் கார் ஒன்றுதான்! இரண்டாவது எண்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். லீஃபுக்கு மலேசியாவில் விளம்பரத்தில் சொன்ன 311 கிலோமீட்டர் முதல் வகையைச் சேர்ந்தது.

கெந்திங் மலைக்குப் போக ஆசை இருந்தால் இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். தூரம் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் 1,700 மீட்டர் மேலே ஏற வேண்டும். ஒன்றரை டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஏழு யூனிட் போய்விடும், சமதளத்தில் ஓடும் செலவு தனி. மேலே போய்ச் சேரும்போது சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வரும், அதில் நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பி வந்துவிடும்.

இப்போது சித்தி வீடு. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். லீஃபில் போனால் வழியில் இரண்டு முறை நிறுத்த வேண்டும். நிறுத்துவதில் எனக்குப் பிரச்சினை இல்லை, தாப்பா ஓய்விடத்தில் தே தாரேக் குடிக்க எப்படியும் இறங்குவோம். சிக்கல் லீஃபின் வேகச் சார்ஜ் வாயில் இருக்கிறது. அது சாடெமோ என்ற ஜப்பானிய வகை. இங்கே புதிதாக வரும் வேகச் சார்ஜர்கள் பெரும்பாலும் சிசிஎஸ்2 என்ற வேறு வகை. பத்து சார்ஜர் முனை தொங்கும் இடத்தில் உங்களுக்குப் பொருந்துவது ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம், அதிலும் முன்னால் ஒருவர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். அதோடு லீஃப் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது. நெடுஞ்சாலையில் ஓடிய சூட்டோடு ஒரு வேகச் சார்ஜ், மறுபடி ஓட்டம், மறுபடி சார்ஜ் என்று போனால் இரண்டாவது தடவை அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தீபாவளி நேரத்தில் இந்த வேலையே வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்துகொண்டு பக்கத்திலிருக்கும் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை மறக்கலாமா? இடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரம் சொச்சத்தில் பட்டர்வொர்த். பண்டிகைக்கு மட்டும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கடைசி வாரத்தில் கிடைக்காது.

வருஷத்தில் நாலு தடவை போகும் ஊருக்காக மற்ற நாளெல்லாம் பெரிய பேட்டரியைச் சுமந்து திரிவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ராத்திரி கார் எங்கே தூங்குகிறது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

நான் இருப்பது பூச்சோங்கில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், தரை வீடு. போர்ச்சில் நிறுத்திச் செருகிவிட்டுப் படுத்துவிடுவேன். சாதாரண மூன்று முனை ப்ளக் பாயின்ட்டே மணிக்கு இரண்டு யூனிட் கொடுக்கும். உங்கள் 80 கிலோமீட்டருக்கு 12 யூனிட் வேண்டும், ஆக ஆறு மணி நேரத்தில் முடிந்தது. எக்ஸ்டென்ஷன் வயரில் மட்டும் போடாதீர்கள், சூடேறி உருகும். நீங்கள் பார்ப்பது கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு. அங்கே உங்களுக்கென்று ஒதுக்கிய பார்க்கிங்கில் ப்ளக் இருக்காது. இழுக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், ஜேஎம்பி எனும் கட்டட நிர்வாகக் குழு அனுமதிக்க வேண்டும், உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் தளம் வரை வயர் வர வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்காக இந்தச் செலவை எந்த வீட்டுக்காரரும் செய்து நான் பார்த்ததில்லை.

வெளியில் சார்ஜ் போட்டே காலம் தள்ளலாமா என்றால், தள்ளலாம், லாபம் இருக்காது. வேகச் சார்ஜர்களில் யூனிட் ஒரு ரிங்கிட்டுக்கு மேல். 1.40 என்று வைத்துக்கொண்டால் 100 கிலோமீட்டருக்கு 21 ரிங்கிட். வீட்டில் யூனிட் 50 சென் அளவில் வந்தால் அதே தூரம் ஏழரை ரிங்கிட். பெட்ரோல் கணக்கில் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், கவனியுங்கள். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து ரோன்95 லிட்டர் 1.99 என்பது மைகார்டு அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டுக்காரர்களான நமக்குச் சந்தை விலை, அது தொடங்கியபோது 2.60. எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் நிரந்தரவாசிகளின் சிவப்பு ஐசிக்கு அந்தச் சலுகை இல்லை, நானும் உங்கள் வரிசைதான். அந்த விலையில் ஒரு சின்ன பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 17 ரிங்கிட் தின்னும். அதாவது வீட்டில் ப்ளக் இருந்தால் உள்ளூர்க்காரரைவிட நமக்குத்தான் மின்சாரக் காரில் ஆதாயம் அதிகம். ப்ளக் இல்லாவிட்டால் பெட்ரோலைவிடக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டு, வார இறுதியில் சார்ஜர் வரிசையிலும் நிற்க வேண்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஓடோமீட்டரைவிட டேஷ்போர்டில் பேட்டரி ஆரோக்கியம் காட்டும் கோடுகளைப் பாருங்கள். புதிதில் 12 இருக்கும். முதல் கோடு போனாலே சுமார் 15 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். நம் வெயிலுக்கு இந்தப் பேட்டரி சீக்கிரம் களைக்கும். 10-க்குக் கீழே என்றால் பேச்சை மாற்றிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். விலையும் பாருங்கள். இப்போது புது புரோட்டோன் இ.மாஸ் 5 சின்ன வண்டியே 60,000 ரிங்கிட்டுக்குக் கீழே தொடங்குகிறது, 225 கிலோமீட்டர், சிசிஎஸ்2 வாய். அதனால் லீஃபுக்கு 40,000-ஐத் தாண்டிக் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். நண்பருக்கு வருத்தம் வரும்தான். வாங்குவதாக முடிவானால் புஸ்பாகம் வாகனச் சோதனையும் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையில் பெயர் மாற்றமும் அவர் விமானம் ஏறுவதற்கு முன் முடிந்துவிட வேண்டும். இன்சூரன்சில் வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும், அது பொதுவாகத் தானாக வராது.

இன்னும் வீடு முடிவாகவில்லை என்பது உங்களுக்கு நல்லதுதான். பார்க்கும் ஒவ்வொரு கொண்டோவிலும் மேனேஜ்மென்ட் ஆபீசில் நுழைந்து, குடியிருப்பவர்கள் சார்ஜ் போட எத்தனை பாயின்ட் இருக்கிறது, யூனிட் என்ன விலை, ராத்திரி முழுக்க விடலாமா என்று கேளுங்கள். முகவர் “எல்லாம் இருக்கு பாஸ்” என்பார், நம்பாமல் இறங்கிப் பார்க்கிங்கை நேரில் பாருங்கள். சைபர்ஜெயா பக்கம், பூச்சோங் பக்கம் தரை வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. போர்ச்சில் ப்ளக் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால், மின்சாரக் காசை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நண்பரிடம் விலை பேசுங்கள்.